இணைப்புக்கு முன் கணினியைப் பக்குவப்படுத்துதல்

தரவுத்தளம் ஒன்றில் சேமித்துவைக்கப்பட்ட செய்தியை, அதனோடு பிறப்பால் எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு மென்பொருள் எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால், இரண்டுக்கும் நடுவில் நின்று ஒன்றின் கேள்வியை மற்றதற்குப் புரியும்படி கொண்டுசேர்த்து, விடையைத் திருப்பிக் கொண்டுவரும் ஓர் அடுக்கு தேவைப்படுகிறது. அந்த அடுக்கே இணைப்பு இடைமென்பொருள் எனப்படுகிறது. நூலகம் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் நூற்பட்டியல் லினக்ஸ் இயங்கும் சர்வர் ஒன்றில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் இருக்கிறது என்றும், அலுவலக மேசையில் உள்ள விண்டோஸ் கணினியில் எக்செல் வழியாக அந்தப் பட்டியலைப் பார்க்க நூலகர் விரும்புகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். எக்செலுக்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் பேசும் மொழி தெரியாது. போஸ்ட்கிரெஸ்கியூஎலுக்கு எக்செல் என்றொரு பொருள் உலகில் இருப்பதே தெரியாது. இவ்விரண்டையும் பேசவைக்கும் வேலையை மேற்கொள்வது ஓடிபிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இடைமென்பொருள்.

இந்த ஏற்பாடு தோன்றியதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். அதன் அடியொற்றி எஸ்க்யூஎல் என்னும் வினவல் மொழி உருவாயிற்று. மொழி ஏறக்குறைய ஒன்றாக இருந்தபோதிலும், அந்த மொழியில் எழுதிய கேள்வியை நிரலிலிருந்து தரவுத்தளத்துக்கு அனுப்பும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டதால், 1980-களில் 5 மென்பொருள்கள் 6 வகைத் தரவுத்தளங்களோடு பேச வேண்டுமானால் 30 தனித்தனி இணைப்புகளை எழுத வேண்டியிருந்தது. பொது முறை ஒன்றை வகுப்பதற்காக 1989-இல் எஸ்க்யூஎல் ஆக்சஸ் குரூப் என்னும் நிறுவனக் கூட்டமைப்பு உருவானது. அதன் வரையறையைத் தழுவி மைக்ரோசாஃப்ட் 1992-இல் ஓடிபிசியின் முதல் பதிப்பை வெளியிட்டது. 1995-இல் அதே அடிப்படை பன்னாட்டுத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. ஜாவா மொழிக்கென ஜேடிபிசி என்னும் இணையான முறை 1997-இல் வந்தது. பொது முறை வந்தபின் அந்த 30 இணைப்புகளின் இடத்தில், மென்பொருளுக்கு ஒன்றும் தரவுத்தளத்துக்கு ஒன்றுமாக 11 போதுமானதாயிற்று.

வசதி கூடியது போலவே, ஒரு கேள்வி கடந்து செல்லும் படிகளும் கூடின. எக்செல் தன் கேள்வியை முதலில் இயக்கி மேலாளர் என்னும் பகுதியிடம் கொடுக்கிறது. அது எந்தத் தரவுத்தளத்துக்கு எந்த இயக்கி, அதாவது எந்த டிரைவர், என்று பதிவேட்டில் பார்த்து அந்த இயக்கியை நினைவகத்தில் ஏற்றுகிறது. இயக்கி பல சமயங்களில் தரவுத்தள நிறுவனம் வழங்கும் நிரலகம் ஒன்றைத் துணைக்கு அழைக்கிறது. பின்னர் கேள்வி வலைப்பின்னல் வழியாகச் சர்வரை அடைந்து, அங்கே அனுமதி பெற்று, விடையோடு அதே வழியில் திரும்புகிறது. இயக்கியை நிறுவும்போது திரையில் தோன்றும் 'நிறுவல் வெற்றிகரமாக முடிந்தது' என்னும் செய்தி, கோப்புகள் உரிய கோப்புறைகளில் நகலெடுக்கப்பட்டுப் பெயர்கள் பதிவாகிவிட்டன என்பதை மட்டுமே சொல்கிறதே தவிர, மேற்சொன்ன படிகளில் மற்ற எதைப் பற்றியும் எந்த உறுதியும் தருவதில்லை. நிறுவிய மறுநாள் தலைகாட்டும் பிழைகளில் பெரும்பாலானவை நிறுவுவதற்கு முன்பே அந்தக் கணினியிலோ சர்வரிலோ இருந்தவை. ஆகவே, நிறுவல் கோப்பைத் திறப்பதற்கு முன் செலவிடும் நேரம், அந்தப் பணியின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். அதைச் சடங்காக எண்ணி ஒதுக்கிவிடுவது பின்னர் பல நாள் உழைப்பை விழுங்கும்.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, இயக்கி 32 பிட்டா 64 பிட்டா என்பது. பிட் எண்ணிக்கை என்பது செயலி ஒரே மூச்சில் கையாளும் எண்ணின் அகலம் என்று கொண்டால், இன்றைய கணினிகள் ஏறத்தாழ அனைத்தும் 64 பிட் ஆகவே இருப்பதால், 64 பிட் இயக்கியை நிறுவினால் போதும் என்று பலரும் முடிவுசெய்துவிடுகிறார்கள். தவறு இங்கேதான் நுழைகிறது. இயக்கி தனியே ஓடும் நிரல் அன்று. தன்னை அழைக்கும் மென்பொருளின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றப்பட்டு அதன் உறுப்பாகவே இயங்குவது. எனவே 32 பிட் மென்பொருளுக்குள் 64 பிட் இயக்கி நுழையவே முடியாது. கணினி எத்தனை பிட் என்பதும், விண்டோஸ் எத்தனை பிட் என்பதும் இங்கே கேள்வியே அல்ல. அழைக்கும் மென்பொருள் எத்தனை பிட் என்பது ஒன்றே கேள்வி. எக்செலில் கோப்புப் பட்டியின் கீழ் கணக்குப் பகுதிக்குச் சென்று, எக்செலைப் பற்றிய குறிப்பைத் திறந்தால், பதிப்பு எண்ணின் அருகிலேயே அதற்கான விடை அச்சிட்டது போல் இருக்கும். மற்ற மென்பொருள்களை விண்டோஸின் பணி மேலாளரில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். லினக்ஸில் ஃபைல் என்னும் கட்டளை, கொடுக்கப்பட்ட நிரல் எத்தனை பிட் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடும்.

இந்தச் சிக்கலை மேலும் குழப்புவது விண்டோஸின் பெயரிடும் முறை. தரவு மூலம் என்பது, எந்தச் சர்வர், எந்தத் தரவுத்தளம், எந்த இயக்கி என்னும் விவரங்களை ஒரு பெயரின் கீழ்க் கட்டிவைக்கும் பதிவு; டிஎஸ்என் என்று அதைச் சுருக்கி அழைப்பார்கள். இதை உருவாக்கும் கருவி ஒரே கணினியில் இரண்டாக இருக்கிறது: 64 பிட்டுக்கான கருவி சிஸ்டம்32 என்னும் கோப்புறையிலும், 32 பிட்டுக்கான கருவி சிஸ்வாவ்64 என்னும் கோப்புறையிலும் உள்ளன, இரண்டு கோப்புகளுக்கும் ஓடிபிசிஏடி32 என்பதே பெயர். பெயரில் 32 இருக்கும் கோப்புறையில் 64 பிட் கருவியும், 64 இருக்கும் கோப்புறையில் 32 பிட் கருவியும் இருப்பது முதன்முறை காண்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும். பழைய மென்பொருள்கள் பல சிஸ்டம்32 என்னும் பெயரைத் தம் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்ததால், 64 பிட் விண்டோஸ் வந்தபோதும் கணினியின் சொந்த நிரலகங்களுக்கு அதே பெயர் தொடர்ந்தது. 64 பிட் விண்டோஸின் மீது 32 பிட் விண்டோஸ் மென்பொருள்களை இயக்கும் ஏற்பாட்டுக்கு வாவ்64 என்று பெயர் சூட்டப்பட்டதால் மற்றக் கோப்புறை அந்தப் பெயரைப் பெற்றது.

கருவி மாறிப்போனால் விளைவு இரு வகையாக வெளிப்படுகிறது. கணினி முழுமைக்கும் பொதுவான தரவு மூலங்களின் பட்டியல் 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனித்தனி. ஆகவே ஒரு பட்டியலில் எழுதப்பட்ட பெயரை மற்ற வகை மென்பொருள் தேடினால் அது கிடைக்காது. தரவு மூலத்தின் பெயர் காணப்படவில்லை என்று ஐஎம்002 என்னும் பிழை எண்ணோடு மறுமொழி வரும். தனிப்பயனருக்கு உரிய பட்டியலோ இரண்டுக்கும் பொது. பெயர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பயன்படுத்த முற்பட்டால் இயக்கியும் மென்பொருளும் பொருந்தவில்லை என்று ஐஎம்014 எண்ணோடு மறுக்கப்படும். இந்த இரண்டு எண்களையும் அறிந்தவர், கடவுச்சொல்லையும் வலைப்பின்னலையும் வீணாகச் சந்தேகிக்காமல் நேராகப் பிட் கேள்விக்கே திரும்பிவிடுவார்.

அடுத்து ஆராய வேண்டியது சர்வர் இருக்கும் இடத்துக்கு வழி திறந்திருக்கிறதா என்பது. ஒவ்வொரு தரவுத்தளமும் போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாயில் ஒன்றில் காத்திருக்கிறது. வழக்கமாகப் போஸ்ட்கிரெஸ்கியூஎலுக்கு 5432, மைஎஸ்க்யூஎலுக்கு 3306, மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521 என்பவை அந்த எண்கள். சர்வருக்குப் பிங் செய்து விடை வந்தால் வழி திறந்திருக்கிறது என்று கொள்வது போதாது. பிங், கணினி விழித்திருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது, வாயிலைத் தட்டிப் பார்ப்பதில்லை. விண்டோஸின் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்னும் கட்டளையும், லினக்ஸில் என்சி என்னும் கட்டளையும் குறிப்பிட்ட போர்ட்டையே தட்டிப் பார்க்கின்றன. தட்டியவுடன் இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே விடை வந்தால், கணினி வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்த வாயிலில் காத்திருப்பவர் எவரும் இல்லை என்று பொதுவாகப் பொருள் கொள்ளலாம். நெடுநேரம் ஒன்றும் நடவாமல் காலம் கடந்துவிட்டது என்று வந்தால், இடையில் உள்ள ஃபயர்வால் வந்த கோரிக்கையைச் சத்தமின்றி வீழ்த்திவிட்டது என்று ஊகிக்க இடமுண்டு. இவ்விரண்டுக்கும் தீர்வு வெவ்வேறு, அணுக வேண்டிய ஆளும் வெவ்வேறு என்பதால், இந்த வேறுபாட்டைக் குறித்துவைப்பது பயன் தரும்.

புதிதாக நிறுவப்பட்ட போஸ்ட்கிரெஸ்கியூஎல் தான் இருக்கும் கணினிக்குள்ளிருந்து வரும் கேள்விகளை மட்டுமே ஏற்கும். வெளியிலிருந்து வருவோரை ஏற்க, எந்த முகவரிகளில் காத்திருக்க வேண்டும் என்னும் அமைப்பை மாற்றியாக வேண்டும். அதன்பிறகும், எந்தக் கணினியிலிருந்து எந்தப் பயனர் எந்தத் தரவுத்தளத்துக்கு வரலாம் என்று வரி வரியாக எழுதிவைக்கும் பிஜிஎச்பிஏ என்னும் கோப்பில் நூலகரின் கணினிக்கு உரிய வரி இடம்பெற வேண்டும். மேசைக் கணினியில் எவ்வளவு திருத்தினாலும் இந்த வரி சர்வரில் இல்லாவிட்டால் பயனில்லை. ஆகவே சர்வரைப் பராமரிப்பவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது முன்னேற்பாட்டில் தவிர்க்க முடியாத படி.

சர்வரின் பதிப்பையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறைகள் காலத்துக்குக் காலம் வலுப்படுத்தப்படுவதால், பழைய இயக்கி புதிய சர்வரோடு பேச முடியாமல் போகும் நிலை அடிக்கடி நேர்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2017-இல் வந்த தன் 10-ஆம் பதிப்பில் ஸ்க்ராம் என்னும் புதிய சரிபார்ப்பு முறையைச் சேர்த்தது. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து அதுவே இயல்பான முறையாயிற்று. அந்த முறை தோன்றுவதற்கு முந்தைய நிரலகத்தோடு வரும் இயக்கி, சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும், 10 என்னும் எண்ணுள்ள சரிபார்ப்பு முறைக்கு ஆதரவு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்த 10 பதிப்பு எண் அன்று, முறையின் எண். மைஎஸ்க்யூஎல் 2018-இல் வெளியிட்ட 8.0 பதிப்பிலும் இதை ஒத்த மாற்றம் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் இயக்கியோ, 17-ஆம் பதிப்பிலிருந்து 18-க்கு மாறியபோது மறையாக்கத்தை இயல்பாகவே கட்டாயமாக்கியது. தானே கையொப்பமிட்ட சான்றிதழோடு உள்ள சர்வர்களுக்கு நேற்றுவரை தடையின்றிச் சென்ற இணைப்பு, இயக்கியை மாற்றிய அன்றே அறுந்துபோவதற்கு இதுவே காரணம். பழைய இயக்கியில் இருப்பதே பாதுகாப்பு என்று இதற்குப் பொருளன்று. புதிய இயக்கி எதைக் கேட்கும் என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்குரிய சான்றிதழை முன்பே வாங்கிவைக்க வேண்டும் என்பதே பொருள்.

லினக்ஸ் கணினியில் இயக்கி மேலாளராகப் பெரும்பாலும் யூனிக்ஸ்ஓடிபிசி பயன்படுகிறது. ஐஓடிபிசி என்னும் மற்றொன்றும் உண்டு. இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, அதற்கென உருவாக்கப்பட்ட இயக்கியையே நிறுவ வேண்டும். ஏனெனில் யூனிகோட் எழுத்து ஒன்றுக்கு முன்னது 2 பைட்டும் பின்னது வழக்கமாக 4 பைட்டும் ஒதுக்குகின்றன. ஒன்றுக்குரிய இயக்கியை மற்றதோடு பொருத்தினால் எழுத்துகள் சிதறிவிடும். இயக்கிகளின் பதிவு ஓடிபிசிஇன்ஸ்ட் என்னும் கோப்பிலும், தரவு மூலங்களின் பதிவு ஓடிபிசி என்னும் கோப்பிலும் ஐஎன்ஐ என்னும் பின்னொட்டோடு இருக்கும். அந்தக் கோப்புகளை எந்த இடத்தில் மேலாளர் தேடுகிறது என்பதை ஊகத்துக்கு விடாமல், ஓடிபிசிஇன்ஸ்ட் கட்டளையை ஜே என்னும் குறியோடு இயக்கிப் பார்த்தால் முழுப் பாதையும் திரையில் வந்துவிடும். முன்பே ஏதேனும் இயக்கி இருக்கும் கணினியானால், இவ்விரு கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பின்னரே புதிய நிறுவலைத் தொடங்க வேண்டும். இயக்கிக் கோப்பின் மீது எல்டிடி கட்டளையை ஓட்டி, துணை நிரலகங்களில் எதன் எதிரிலாவது காணப்படவில்லை என்று வருகிறதா என்று பார்ப்பதும் அவசியம்; துணை நிரலகம் இல்லாதபோது மேலாளர், கண்ணெதிரே இருக்கும் இயக்கிக் கோப்பையே திறக்க முடியவில்லை என்று சொல்வதால், கோப்பு அங்கேதான் இருக்கிறதே என்று குழம்பி நேரத்தை இழப்பவர்கள் பலர். விண்டோஸிலும் விஷுவல் சி++ துணைத்தொகுப்பு இல்லாமையால் இதே நிலை வரலாம்.

தமிழில் செய்தி வைத்திருப்போர் மேற்சொன்ன அனைத்தையும்விட ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று எழுத்துக் குறியாக்கம். கணினிக்குள் எழுத்தென்பது எண். எந்த எண் எந்த எழுத்து என்னும் உடன்பாடே குறியாக்கம். ஆங்கிலம் மட்டுமே உள்ள தரவில் இந்த உடன்பாடு பிசகினாலும் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. தமிழில் பிசகினால் ஒன்றுமே மிஞ்சாது. 'நூலகம்' என்னும் சொல்லைப் பார்க்கும் வாசகர் 4 எழுத்துகளைக் காண்கிறார். யூனிகோட் அதையே ந, ஊகாரக் குறி, ல, க, ம, புள்ளி என்று 6 குறிகளாக எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் அந்தச் சொல் 18 பைட் ஆகிறது. யூடிஎஃப்-16 முறையில் 12 பைட் ஆகிறது. தரவுத்தளத்தில் ஒரு பத்திக்கு 10 என்று நீளம் வரையறுக்கப்பட்டிருந்தால், அந்த 10 குறிகளா பைட்டுகளா என்பதைப் பொறுத்தே 'நூலகம்' அதில் அடங்குவதும் அடங்காததும் அமைகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் குறிகளை எண்ணுவதால் அடங்கும். ஆரக்கிள், வேறாகச் சொல்லப்படாதவரை, பைட்டுகளை எண்ணுவதால் அடங்காது.

இயக்கிகளில் பல, யூனிகோட் வகை, ஆன்சி வகை என இரண்டாக வருகின்றன. போஸ்ட்கிரெஸ்கியூஎலுக்கான விண்டோஸ் இயக்கியை நிறுவியதும் இவ்விரு பெயர்களும் பட்டியலில் அருகருகே தோன்றும். ஆன்சி வகை, கணினியின் வட்டாரத்துக்கு உரிய பழைய குறியாக்கப் பட்டியலை நம்பி இயங்குவது; அந்தப் பழைய பட்டியல்களில் தமிழுக்கென விண்டோஸ் ஒன்றுகூட வைத்ததில்லை. தமிழ் விண்டோஸுக்குள் நுழைந்ததே யூனிகோட் வழியாகத்தான். எனவே ஆன்சி இயக்கியின் வழியாகத் தமிழ் கடந்துசெல்லும்போது, சில இடங்களில் பிழைச்செய்தி வந்து வேலை நின்றுவிடும். சில இடங்களில் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். சில இடங்களில் குறி ஒன்றுக்கு ஒன்றாக, 'நூலகம்' என்ற இடத்தில் ?????? என்று 6 கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும்.

இவற்றுள் வேலை நின்றுவிடுவதே நன்மை, கேள்விக்குறியே ஆபத்து. திரையில் மட்டும் கேள்விக்குறி தோன்றும்வரை சர்வரில் உள்ள மூலச்சொல் பிழைத்திருக்கிறது. யாரேனும் அந்த வரிசையில் விலையையோ ஆண்டையோ திருத்திச் சேமிக்கும்போது, மென்பொருள் வரிசை முழுவதையும் திருப்பி எழுதுமானால், அந்தக் கேள்விக்குறிகளே நூலின் பெயராகப் பதிந்துவிடும். அதன்பின் எந்த இயக்கியை மாற்றினாலும் மூலச்சொல் திரும்பாது. ஒரு நூலகத்தின் பட்டியலில் பல ஆண்டுகள் பலர் உட்கார்ந்து தட்டச்சுச் செய்த பெயர்கள் இவ்வாறு ஒரு பிற்பகலில் அழிந்துபோகக் கூடும் என்பதால், தமிழ்த் தரவு உள்ள இடங்களில் யூனிகோட் இயக்கியைத் தேர்வதை விருப்பத்துக்கு உரிய ஒன்றாக விடலாகாது. முதன்முறை இணைக்கும்போது படிக்க மட்டும் உரிமை பெற்ற பயனர் பெயரைக் கொண்டே இணைக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

நிறுவுவதற்கு உரிய அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் முன்பே தெளிவாக வேண்டும். கணினியில் நிர்வாகி உரிமை இல்லாதவர் பொதுத் தரவு மூலத்தை உருவாக்க முடியாது. அதனால் அவர் தனிப்பயனர் பட்டியலில் ஒன்றை எழுதிக்கொள்வார். அவர் அமர்ந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக ஓடும். அதே அறிக்கையை இரவில் தானாக ஓடும்படி அமைத்தால், அந்தப் பின்னணிச் சேவை வேறொரு பயனர் பெயரில் இயங்குவதால், அவர் எழுதிய பதிவு அதன் கண்ணுக்குப் படாது. பகலில் நடந்தது இரவில் நடக்கவில்லை என்னும் புகார்களில் கணிசமானவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது. லினக்ஸில் தரவு மூலக் கோப்பில் கடவுச்சொல்லை எழுதினால் அது எந்த மறைப்பும் இன்றி வெற்றெழுத்தாகவே கிடக்கும். எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால், உரியவர் தவிர எவரும் படிக்காதபடி அந்தக் கோப்பின் அனுமதியை 600 என்று சுருக்கிவைப்பது குறைந்தபட்சக் கடமை.

இவ்வளவும் ஒரு தாளில் வந்துவிட்டபின், அதாவது மென்பொருளின் பிட், இயக்கியின் பெயரும் வகையும், சர்வரின் முகவரி, போர்ட், பதிப்பு, சரிபார்ப்பு முறை, தரவுத்தளத்தின் குறியாக்கம், படிக்க மட்டும் உரிமையுள்ள பயனர் பெயர் ஆகியவை எழுதப்பட்டபின், நிறுவல் சில நிமிட வேலையாகச் சுருங்கிவிடுகிறது. சோதனையை உடனே எக்செலிலிருந்து தொடங்காமல் அடியிலிருந்து மேலே வருவது நல்லது: முதலில் போர்ட், அடுத்து, தரவு மூலக் கருவியில் உள்ள சோதனைப் பொத்தான் அல்லது லினக்ஸில் ஐஎஸ்க்யூஎல் கட்டளை, அதன்பிறகே எக்செல். கடைசியில், உண்மைப் பட்டியலைத் தொடாமல், சோதனைக்கென்று தனியே உருவாக்கிய தரவுத்தளத்தில், எழுதவும் உரிமையுள்ள வேறொரு பயனர் பெயரால், அட்டவணை ஒன்றில் 'நூலகம்' என்னும் சொல்லைப் புதிய இயக்கியின் வழியாகவே எழுதி, அதன் நீளத்தைக் குறிகளிலும் பைட்டுகளிலும் சர்வரிடமே கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 6 என்றும் 18 என்றும் விடை தந்தால் சொல் சிதையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. 6 என்றும் 6 என்றும் தந்தால், அங்கே சென்று அமர்ந்திருப்பவை கேள்விக்குறிகள். தாளை எடுத்து, இயக்கியின் பெயருக்கு நேரே எழுதியதை மீண்டும் பார்க்க வேண்டும்.